பந்திவிசாரணையும் கிராமத்துப் பெண்களும்: ஜாம்கேட் நலப்பணி திருச்சபைக்குக் கற்பிப்பது

அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் ஆறாம் அதிகாரம் நம்மில் அநேகர் பலமுறை பிரசங்கித்த பகுதியாகும். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் கவனிக்கப்படாமற் போயினர். முறையீடு எழுந்தது. அப்போஸ்தலர்கள் சபையைக் கூட்டினர், எழுவர் தெரிந்துகொள்ளப்பட்டனர், அவர்கள்மீது கைகள் வைக்கப்பட்டன. அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே என்பதை வேத விளக்கவுரையாளர்கள் சுட்டிக்காட்டுவர். முறையிட்ட தரப்பினரிடமே பொறுப்பை ஒப்படைத்த அச்செயல் ஒரு பெரிய படியேயாகும். ஆயினும் அது பாதிப் படி. பசித்திருந்தோர் பெண்கள், பந்திவிசாரணைக்கு நியமிக்கப்பட்டோர் ஆண்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தக் குழந்தை பாலின்றி அழுகிறது என்பதை மற்றெவரைக் காட்டிலும் நன்கு அறிந்திருந்த அவ்விதவைகளுள் ஒருத்தியேனும் அப்பணிக்கு அழைக்கப்பட்டதாக லூக்கா எழுதவில்லை.

அப்பாதிப் படியை முழுப் படியாக்க முயன்ற நிகழ்ச்சிகள் திருச்சபை வரலாற்றில் மிகுதியாக இல்லை. உள்ளவற்றுள் ஒன்று நம் நாட்டிலேயே, மகாராஷ்டிர மாநிலத்தின் வறண்ட மூலையொன்றில் நிகழ்ந்தது. அகமத்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஜாம்கேட் என்னும் சிற்றூரில் 1970ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஊரக நலவாழ்வுத் திட்டமே அது. (அம்மாவட்டம் 2024இல் அகில்யாநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது.) எழுத்தறியாத கிராமத்துப் பெண்கள் அங்கே நோய் தடுக்கும் பணியையும் உணவுப் பணியையும் தங்கள் கைகளில் எடுத்துக்கொண்ட வரலாற்றை ஆராய்ந்து, அது நம் ஊழியத்தைக் குறித்து எழுப்பும் வினாவை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வேலூரிலிருந்து செல்லும் தடம்

ஜாம்கேடின் வரலாறு ஜாம்கேடில் தொடங்கவில்லை, தமிழகத்தில் தொடங்குகிறது. 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் ஐடா ஸ்கடரைத் தேடி வந்ததும், பேறுகாலத்தில் துன்புற்ற தங்கள் மனைவியரை ஆண் மருத்துவர் தொடலாகாது என்று அவர்கள் மறுத்ததும், மூன்று பெண்களும் மாண்டதும் நம் சபைகளில் சிறுவரும் அறிந்த செய்தி. ஐடா அம்மையார் அதன்பின் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1900இல் மருத்துவராகத் திரும்பினார். இதுவரை எல்லாரும் சொல்வதுண்டு. ஆனால், அவர் பணியில் வரலாற்று நோக்கில் மிக முக்கியமானது அவர் தாமே மருத்துவரானது அன்று; தாம் ஒருவர் போதாது என்று உணர்ந்ததே. 1909இல் செவிலியர் பயிற்சியையும், 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் வேலூரில் அவர் தொடங்கினார். பெண்ணுக்கு மருத்துவம் அளிப்பதோடு அமையாமல் பெண்ணிடமே மருத்துவ அறிவை ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் கண்ட உண்மை.

அப்பள்ளி 1940களில் பட்டப்படிப்பு அளிக்கும் கல்லூரியாக உயர்ந்தது. 1947இல் ஆண் மாணவரும் சேர்க்கப்பட்டனர். 1950களில் அங்குப் பயின்றோருள் இருவர் ரஜனிகாந்த் ஆரோலே, மேபெல் இம்மானுவேல் என்போர். ரஜனிகாந்த் அகமத்நகர் மாவட்டத்தில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர்களின் மகன். மேபெல் ஜபல்பூரில் வளர்ந்தவர். இறையியற் கல்லூரி ஆசிரியர் ஒருவரின் மகள். 1960இல் திருமணம் செய்துகொண்ட இவ்விருவரும், இந்தியக் கிராமத்து ஏழைகளுக்கே தங்கள் வாழ்வைக் கொடுப்பதென்று தங்கள் திருமண நாளிலே பொருத்தனை செய்துகொண்டனர்.

பொருத்தனைக்கு இணங்க அகமத்நகர் மாவட்டத்தில் வடாளா என்னுமிடத்து மிஷன் மருத்துவமனையில் சில ஆண்டுகள் ஊழியம் செய்தனர். நோயாளிகள் திரள் திரளாக வந்தனர். குணமடைந்து சென்ற அதே குழந்தைகள் சில மாதங்களில் அதே வயிற்றுப்போக்கோடும் அதே சவலையோடும் திரும்பி வந்தன; வராத குழந்தைகளைக் குறித்துக் கேட்டால், அவை இறந்துபோயிருந்தன. மருத்துவமனையின் நான்கு சுவர்களுக்குள் நின்று இந்நிலையை மாற்ற இயலாது என்பதை அவர்கள் கண்டனர். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கா சென்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெய்லர் என்னும் பேராசிரியரிடம் பொதுநலவாழ்வுக் கல்வி பயின்றனர். டெய்லரும் இந்தியாவில் பிறந்த மிஷனெரி மகன் என்பது குறிப்பிடத்தக்கது.

2. திருச்சபை தன்னைத்தானே கேட்ட கேள்வி

இதே காலத்தில் உலகத் திருச்சபையும் ஒரு குழப்பத்தில் இருந்தது. நாடுகள் விடுதலை பெற்று, அரசுகளே மருத்துவமனைகளை நிறுவத் தொடங்கிய பின்னர், மிஷன் மருத்துவமனைகளின் பொருள் என்ன? அவை வேண்டுமா? 1964இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கூடிய ஆலோசனைக் கூட்டம் இதனை இறையியல் வினாவாக எடுத்துக்கொண்டது. குணமாக்குதல் என்பது பயிற்சி பெற்ற சிலருடைய தொழில் மட்டுமன்று. அது சபை முழுவதற்கும் அளிக்கப்பட்ட ஊழியம் என்று அக்கூட்டம் கூறிற்று. இக்கூற்று நம் காதுக்கு இனிமையாகத் தோன்றலாம். ஆயினும் அன்று மருத்துவமனைகளை நடத்திவந்தோர் பலருக்கு அது கசப்பாகவே இருந்தது.

1968இல் உலகத் திருச்சபைகள் மாமன்றம் கிறிஸ்தவ மருத்துவ ஆணையத்தை ஏற்படுத்திற்று. அதன் முதல் இயக்குநரான ஜேம்ஸ் மெக்கில்வரே முன்னர் வேலூர் மருத்துவமனையின் நிருவாகத்தில் பணிபுரிந்தவர். திருச்சபைகளின் மருத்துவப் பணத்தில் பெரும்பகுதி மருத்துவமனைகளில் நோய் தீர்ப்பதற்கே செலவாகின்றதென்றும், மருத்துவமனை வாசலை எட்ட முடியாத மக்கள் அப்படியே விடப்படுகின்றனரென்றும் ஆணையம் எடுத்துக்காட்டிற்று. மருத்துவமனையைக் கட்டிவிட்டு நோயாளிக்காகக் காத்திருக்கும் ஊழியத்திற்குப் பதிலாக, மக்களிடம் சென்று அவர்களோடு தொடங்கும் ஊழியம் எங்கேனும் இயலுமா என்று அது தேடிற்று. ஆரோலே தம்பதியரின் திட்டம் அத்தேடலுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்றாயிற்று.

3. பஞ்ச நிலத்தில் ஒரு தொடக்கம்

1970இல் ஜாம்கேட் வந்தடைந்த இவர்களுக்குக் கைவிடப்பட்ட கால்நடை மருந்தகம் ஒன்றே முதற் கூடமாயிற்று. அப்பகுதி மழை மறைவுப் பிரதேசம். சோளமே முக்கிய உணவு. சாதி வேற்றுமை கடுமையாய் இருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் ஊர்க் கிணற்றை அணுகலாகாது. பிறக்கும் 1,000 குழந்தைகளில் 176 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் மரித்தன. ஐந்து வயதுக்குட்பட்டவருள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேர் போதிய உணவின்றி மெலிந்திருந்தனர்.

அவர்கள் வந்த சிறிது காலத்திலேயே மகாராஷ்டிரத்தைக் கொடிய பஞ்சம் பிடித்தது. 1970 முதல் 1973 வரை நீடித்த அப்பஞ்சத்தில் 1972ஆம் ஆண்டே மிகவும் கொடியது. ஊர்ப் பெரியவர்களிடம் உங்கள் தேவை என்ன என்று கேட்டபோது, அவர்கள் மருந்தைக் கேட்கவில்லை. தண்ணீரையும் சோற்றையுமே கேட்டனர். மருத்துவர்கள் இதற்குச் செவிகொடுத்தனர். இதுவே திட்டத்தின் முதல் திருப்பம். ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றுள் பலவற்றை ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பிலேயே அமைக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. தீண்டலாகாது என்று விலக்கிவைத்த பகுதிக்கே குடத்தோடு நடந்துவர வேண்டிய நிலைமை மேல்சாதிப் பெண்களுக்கு ஏற்பட்டது. யோவான் நான்காம் அதிகாரத்துச் சமாரியக் கிணற்றை நினைவூட்டும் இந்நிகழ்ச்சிக்கு நாம் வேறு விளக்கவுரை எழுத வேண்டுவதில்லை.

குழந்தைகளுக்கெனப் பொதுச் சமையற்கூடங்களும் தோன்றின. இங்கும் ஒரு வேறுபாடு உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த பால்மாவைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதோடு பணி நிற்கவில்லை. ஊராரே விறகும் தானியமும் உழைப்பும் கொண்டுவந்தனர். சமைத்தோர் ஊர்ப் பெண்கள். எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டன.

4. செவிலியர் தோற்ற இடம்

ஆரோலே தம்பதியர் முதலில் வகுத்த திட்டம் முற்றிலும் வேறானது. பயிற்சி பெற்ற துணைச் செவிலியரைக் கிராமங்களுக்கு அனுப்புவதே அவர்கள் எண்ணம். அது தோற்றது. அச்செவிலியர் இளவயதினர், நகரச் சூழலில் வளர்ந்தவர், கிராமத்தில் தனித்துத் தங்க அஞ்சினர். கிராமத்துத் தாய்மார் அவர்கள் சொல்லை மரியாதையோடு கேட்டனர், ஆனால் பின்பற்றவில்லை. தான் பிள்ளை பெறாத ஒரு பெண் பிள்ளை வளர்க்கும் முறையைத் தங்களுக்குச் சொல்வதா என்னும் எண்ணம் அவர்களுக்கு இருந்தது.

தோல்வியை ஒப்புக்கொண்டபோதுதான் வழி திறந்தது. ஊரிலேயே உள்ள ஒரு பெண்ணுக்கு ஏன் கற்பிக்கக் கூடாது என்னும் யோசனை கிராமத்தாரிடமிருந்தே வந்தது. அவ்வாறே ஊர்தோறும் ஒரு பெண் தெரிந்தெடுக்கப்பட்டாள். பெரும்பாலோர் நடுத்தர வயதினர். பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சிலர் விதவைகள், சிலர் கணவனால் கைவிடப்பட்டவர்கள். ஏறக்குறைய யாவரும் எழுத்தறியாதவர்கள். இவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பை மேபெல் அம்மையார் சிறப்பாக ஏற்றுக்கொண்டார்.

முதல் பாடம் நோயைப் பற்றியதாக இருக்கவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே அழைக்கப்பட்டுவந்த இப்பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சபையில் சொல்லவே தயங்கினர். ஆகவே, தானும் ஒரு மனுஷி, தனக்கும் அறிவு உண்டு, தன்னாலும் கற்கவும் கற்பிக்கவும் கூடும் என்பதை அவர்கள் உணர்வதே முதற் பயிற்சியாயிற்று. ஒவ்வொரு வாரமும் ஜாம்கேடுக்கு வந்து, சேர்ந்து தங்கி, சேர்ந்து உண்டனர். மேல்சாதிப் பெண்ணும் தீண்டத்தகாதவள் எனப்பட்டவளும் ஒரே சட்டியில் சமைத்த உணவை உண்பது எளிதாக நடந்துவிடவில்லை, காலம் பிடித்தது. ஆனால், அது நடந்தது. நம் திருவிருந்து ஆராதனைகளைக் குறித்து நாம் எழுதும் இறையியலின் செயல்முறை விளக்கமாக இதனைக் கொள்ளலாம்.

5. உணவுப் பாத்திரமும் அதிகாரமும்

இப்பெண்கள் செய்த பணிகளுள் உணவுப் பணியைச் சிறப்பாக நாம் நோக்குதல் வேண்டும். சவலை என்பது அன்று தாய்மாருக்கு ஒரு நோயாகத் தோன்றவில்லை. அது தெய்வக் குற்றம், கண்ணேறு, தலைவிதி எனக் கருதப்பட்டது. கருவுற்றவள் நிறைய உண்டால் குழந்தை பெரிதாகிப் பேறு கடினமாகும் என்று அவளுக்கு உணவு குறைக்கப்பட்டது. முதல் சில நாட்கள் தாய்ப்பால் மறுக்கப்பட்டது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு நீரும் உணவும் நிறுத்தப்பட்டன. வீட்டில் ஆண்கள் உண்டபின் எஞ்சியதே பெண்களுக்கு. அதிலும் மருமகளுக்குக் கடைசிப் பங்கு. மகனுக்குக் கிடைத்தது மகளுக்குக் கிடைக்கவில்லை.

இவை ஒவ்வொன்றும் அறியாமையைப்போல் தோன்றினும், ஆழ்ந்து நோக்கின் ஒவ்வொன்றும் வீட்டிற்குள் நிலவும் அதிகாரத்தின் வடிவமேயாகும். ஆகவேதான் வெளியிலிருந்து வந்த மருத்துவர் எவ்வளவு சொல்லியும் பயனில்லை. பணியாளரான பெண்ணோ அந்த அடுப்படியில் வாழ்ந்தவள். அவள் தன் சொந்த மருமகளுக்கு முதலில் நிறைய உணவு கொடுத்தாள். நல்ல எடையுள்ள பேரக் குழந்தை சுகமாய்ப் பிறந்ததை ஊர் கண்டது. சோளமும் பருப்பும் நிலக்கடலையும் வெல்லமும் கீரையும் ஊரிலேயே கிடைப்பவை. விலை கொடுத்து டப்பா உணவு வாங்க வேண்டுவதில்லை என்று அவள் சமைத்துக் காட்டினாள். உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த நீர் வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தையின் உயிரைக் காப்பதைத் தாய்மார் தங்கள் கண்ணாலேயே கண்டனர். மாதந்தோறும் குழந்தைகளை நிறுத்து எடையைக் குறித்தாள். எழுத்தறியாதவளாயினும் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவளுக்குத் தெரியும். ஏறாத கோடு ஊர்ப் பொது விவகாரமாயிற்று.

பேறுகாலப் பணியும் இவ்வாறே மாறிற்று. அரிவாளால் தொப்புள்கொடி அறுக்கப்பட்ட இடங்களில், கொதிநீரிட்ட பிளேடும் சுத்தமான நூலும் வந்தன. குழந்தைகளைக் கொன்றுவந்த இசிவு நோய் குறைந்தது. தொழுநோயின் முதல் தழும்பையும் இவர்கள் கண்டு சொன்னார்கள். ஊரைவிட்டுத் துரத்தப்படுவோமோ என்று அஞ்சி மறைத்துவந்தோர் தங்கள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாயினர்.

இதன் விளைவு எண்களிலும் தெரிந்தது. 1971இல் 1,000க்கு 176 ஆக இருந்த சிசு மரணம் 1990களின் தொடக்கத்தில் முப்பதுக்கும் கீழே இறங்கிற்று. மெலிந்த குழந்தைகளின் விகிதம் நூற்றுக்கு நாற்பதிலிருந்து ஏறத்தாழ ஐந்தாகக் குறைந்தது. பொதுச் சமையற்கூடங்கள் என்றென்றும் நடைபெறவில்லை. வீட்டு அடுப்பிலேயே குழந்தைக்கு வேண்டியது கிடைத்தபின் அவற்றுக்குத் தேவை இல்லாமற்போயிற்று. தன் தேவையைத் தானே ஒழித்துக்கொள்ளும் உதவியே உண்மையான உதவி என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இப்பெண்களைச் சுற்றி மகளிர் மன்றங்கள் எழுந்தன. ஆண்களுக்கு உழவர் மன்றங்கள் முன்னரே தோன்றியிருந்தன. குழந்தை நலத்தைப் பேசத் தொடங்கிய பெண்கள் பின்னர் வங்கிக் கடனையும், குடித்துவிட்டு அடிக்கும் கணவனையும், பெண் குழந்தையின் படிப்பையும், இளவயதுத் திருமணத்தையும் பேசினர். யாரும் அவர்களுக்கு விடுதலை இறையியல் போதிக்கவில்லை. ஒரு குழந்தையின் எடை ஏன் ஏறவில்லை என்ற கேள்வியைக் கடைசிவரை கேட்டுக்கொண்டு போனால் அது அந்த இடத்தில்தான் வந்து நிற்கும்.

6. அறிவைக் கைவிடுதல்

ஜாம்கேட் வரலாற்றின் மையப் பொருள் என்ன? பெண்களுக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது என்று பொதுவாகச் சொல்கிறோம். அதிகாரம் ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கும் பொருளன்று. அங்கு நடந்தது வேறு: அறிவை உடையோர் அதனைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளாமல் விட்டுக்கொடுத்தனர். மருத்துவர் தம் அறிவின் ஒரு பங்கைச் செவிலியரிடமும், செவிலியர் தம் அறிவைக் கிராமப் பெண்ணிடமும், அவள் ஊர்த் தாய்மாரிடமும் ஒப்படைத்தல் வேண்டும். இதில் எந்த ஒருவர் தமக்கென்று பிடித்துக்கொண்டாலும் ஓட்டம் நின்றுபோகும். பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம் கூறும் தம்மைத்தாமே வெறுமையாக்குதல் என்பதைக் கிறிஸ்தியல் வகுப்பில் பல மணி நேரம் நாம் விளக்குகிறோம். மருத்துவத் தொழிலில் அதன் வடிவம் இதுவே.

1988இல் வாஷிங்டன் நகரில் நடைபெற்ற பன்னாட்டு நலவாழ்வு மாநாடொன்றில் ஜாம்கேட் திட்டத்தின் கிராமப் பணியாளரான முக்தாபாய் போல் உரையாற்றினார். மண்டபத்தின் கூரையில் தொங்கிய அலங்கார விளக்குகளையும் தன் கையிலிருந்த சிறு விளக்கையும் அவர் ஒப்பிட்டுப் பேசியதாக ஆரோலே தம்பதியர் பதிவு செய்துள்ளனர். அந்தப் பெரிய விளக்குகள் அழகியவை, விலை மிக்கவை, ஆனால் அவற்றிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்ற முடியாது. இந்தச் சிறு விளக்கோ மற்றொன்றை ஏற்றும். அது வேறொன்றை ஏற்றும் என்பது அவருடைய கருத்து. சாதியால் தாழ்த்தப்பட்ட, பள்ளிக்குச் செல்லாத ஒரு பெண் உலக அறிஞர் முன்னிலையில் பேசிய இச்சொல்லில் ஒரு முழு ஊழிய இறையியல் அடங்கியிருக்கிறது.

உலகமும் இதனைக் கவனித்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1975இல் வெளியிட்ட, மக்களே நடத்தும் நலப்பணிகளைப் பற்றிய நூலில் ஜாம்கேட் ஓர் அதிகாரமாயிற்று. 1978இல் அல்மா ஆட்டாவில் கூடிய உலக மாநாடு அடிப்படை நலவாழ்வுக் கொள்கையை அறிவித்தபோது, அக்கொள்கைக்கு முன்மாதிரியாய் நின்ற சிலவற்றுள் இதுவும் ஒன்று. 1979இல் ஆரோலே தம்பதியருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. மேபெல் அம்மையார் 1999இலும் ரஜனிகாந்த் 2011இலும் மறைந்தனர்.

7. மறைக்கலாகாத குறைகள்

வரலாற்றை எழுதுவோர் புகழ்மாலை சூட்டுவதோடு நிற்றலாகாது. ஜாம்கேட் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டது. ஆனால் அதே அளவில் வேறிடங்களில் வேரூன்றியது அரிது. அத்தம்பதியரின் ஆளுமையும், ஒரே இடத்தில் ஆண்டாண்டுகளாகத் தங்கியிருந்த பொறுமையும் திட்டத்தாளில் எழுதி அனுப்பக் கூடியவை அல்ல.

இரண்டாவது குறை இன்னும் கூர்மையானது. 2005இல் இந்திய அரசு தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தைத் தொடங்கி, கிராமந்தோறும் ஆஷா என்னும் பெண் பணியாளரை நியமிக்க முற்பட்டது. ஜாம்கேட் போன்ற முயற்சிகள் அதற்கு வழிகாட்டின. இலட்சக்கணக்கான பெண்கள் அப்பணியில் சேர்ந்தனர்; பெருந்தொற்றுக் காலத்தில் வீடுவீடாக நடந்தனர்; 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருதளித்தது. ஆயினும், தொண்டர் என்ற பெயரால் முறையான ஊதியமின்றி ஊக்கத்தொகையே பெறும் அவர்கள், ஊதியமும் பணிப் பாதுகாப்பும் கேட்டுப் பல மாநிலங்களில் தெருவில் இறங்கிப் போராடியுள்ளனர். பெண்ணின் அறிவைப் போற்றுவதாகச் சொல்லி, அவள் உழைப்பை மலிவாகப் பெறுவது அதிகாரமளித்தல் ஆகாது. பணியை மட்டும் கீழே இறக்கி, முடிவெடுக்கும் உரிமையை மேலேயே வைத்துக்கொண்டால், எழுவர் தெரிந்துகொள்ளப்பட்ட நாளிலிருந்து நாம் ஓர் அடியும் முன்னேறவில்லை என்பதே பொருள். திருச்சபையின் நிறுவனங்களில் பணிபுரியும் வேதாகமப் பெண்மணிகளின் வரலாறும் இக்குற்றச்சாட்டுக்கு விலக்கன்று.

இவ்விடத்தில் நம் வாசகர் சிலர் ஒன்று கேட்கக்கூடும்: இத்தனை ஆண்டு உழைப்பில் எத்தனைபேர் ஞானஸ்நானம் பெற்றனர்? அக்கணக்கு இக்கட்டுரையில் இல்லை. ஆரோலே தம்பதியர் தங்கள் விசுவாசத்தை மறைத்தவர்கள் அல்லர். அதனை மருந்தின் விலையாக வைத்தவர்களும் அல்லர். குணம்பெற்ற பத்துக் குஷ்டரோகிகளுள் ஒருவனே திரும்பி வந்தபோது, மற்ற ஒன்பதுபேரின் சுகத்தை ஆண்டவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

8. நமக்குரிய வினா

முடிவாக, என் ஊழியத்தில் நேர்ந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டில் கிராமச் சபையொன்றில் ஆயராக இருந்தேன். மருத்துவ முகாம் நடத்த ஆவல் கொண்டு, நகரத்திலிருந்து மருத்துவர்களை அழைத்துவந்தேன். ஆலய வளாகத்தில் பந்தல் போட்டோம், நானூறு பேருக்குமேல் வந்தார்கள், மாத்திரைகள் வழங்கப்பட்டன, நிழற்படங்கள் எடுக்கப்பட்டன. எங்கள் சபையில் ஒரு வயதான அம்மா இருந்தார்கள். கைநாட்டு. அந்தக் கிராமத்தில் பாதிப்பேர் அவர்கள் கையில் பிறந்தவர்கள். எந்த வீட்டுப் பிள்ளை இளைக்கிறது, எந்த மருமகள் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அன்று அவர்களுக்கு நான் கொடுத்த வேலை, மருத்துவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பது.

மாலையில் எல்லாரும் சென்றபின் அந்த அம்மா என்னிடம் வந்து, "ஐயரே, மாத்திரை வாங்கிப் போனவுகள்ல பாதிப்பேருக்கு வியாதி இல்ல, பசிதான். என்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்கள். அதில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். ஜாம்கேட் வரலாற்றைப் பின்னர் வாசித்தபோது, அந்தப் பெண்மணியின் முகமே என் கண்முன் நின்றது. பெயர் சொல்லத் தயங்கிய அப்பெண்களைப்போன்றே எங்கள் சபையிலும் ஒருவர் இருந்தார். அவரை நான் தேடவில்லை.

ஆகவே, இறையியல் மாணவர்களுக்கும் உடன் ஊழியர்களுக்கும் இக்கட்டுரை வைக்கும் விண்ணப்பம் பெரிய திட்டம் ஒன்றைத் தொடங்குங்கள் என்பதன்று. நம் சபைகளில் இத்தகைய பெண்கள் உளர். பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் பாயில் அமர்ந்து, அறிக்கை வாசிக்கப்படும்போது மௌனமாக இருப்போர் அவர்களே. சபைக் குழுவில் நலப்பணிக்கெனப் பணம் ஒதுக்கும் நாளில் அவர்கள் அந்த அறையில் இருக்கிறார்களா? அவர்கள் சொல் கேட்கப்படுகிறதா? நாம் மூன்று, நான்கு ஆண்டுகள் கல்லூரியில் கற்ற வேத அறிவையும் அவர்கள் கையில் எடுத்துத் தங்கள் ஊரில் விளக்கும்படி நாம் விட்டுக்கொடுக்கிறோமா, அல்லது பிரசங்கபீடத்தின் படிகளோடு அதனை நிறுத்திக்கொள்கிறோமா? மருத்துவர்கள் வெள்ளை அங்கியைக் களைந்து வைக்கத் துணிந்தார்கள். நம் அங்கியைக் குறித்தும் அதே வினா எழுகிறது.

எருசலேம் சபை அன்று பாதிப் படி எடுத்து வைத்தது. அதனாலும் தேவவசனம் விருத்தியடைந்தது என்று லூக்கா எழுதுகிறார். மீதிப் படியை எடுத்து வைக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. விதவைகள் இன்னும் பந்தியில் காத்திருக்கிறார்கள்; உணவுக்காக மட்டுமன்று, பரிமாறும் அகப்பைக்காகவும்.